மாதம் 10 வெள்ளியில் வாங்கிய தோட்டம்

1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தத்தம் ரப்பர் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்கிறோம். சிறு துண்டு நிலம் வாங்கியவருக்குப் பழைய தொழிலாளர் அனைவரும் தேவைப்படவில்லை. லயம் தோட்டத்துக்கு உரியதாதலால், வேலை போனவருக்கு வீடும் போயிற்று.

1960இல், அப்போது அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். விலைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே கூடி வாங்குவது அதன் நோக்கம். ஒரு பங்கு 100 வெள்ளி. பால்வெட்டுக் கூலியில் அதனை ஒருசேரக் கொடுப்பார் யார்? எனவே மாதம் 10 வெள்ளியாகச் செலுத்த வழி செய்தனர். சீட்டுக் கட்டிப் பழகிய நம் தாய்மார்களுக்கு இக்கணக்குப் புதிதன்று. ஆயினும் சீட்டுப் பணம் கைக்கு வந்து செலவாகிவிடும். பங்குப் பணமோ மரமும் மண்ணுமாய் நிற்கும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று இதனை விளக்கினார். சட்டம் வகுப்பதினும் இதுவே கடினமான பணி என்பது நம் கருத்து. 1961இல், நம் டத்தோ கிராமாட்டுக்கு அண்டையிலுள்ள கெடா மாநிலத்தில், புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் இவ்வாறே சிறுகச் சேர்த்து, மாவும் வெண்ணெயும் விற்கும் கடையைத் திறந்தனர். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அவர்கள் முறை.

பெற்றோர் காலத்துப் பங்குச் சான்று பெட்டியில் கிடந்தால், எறிந்துவிடாமல் சங்கத்தில் காட்டி விசாரித்தறிக.