ஆறு மணி நேரப் பயணத்திற்கும் கஸ்ரு உண்டா?

"அக்காலத்தவர் கப்பலில் நாட்கணக்காக அல்லலுற்று ஹஜ்ஜுக்குச் சென்றார்கள், அவர்கள் கஸ்ரு தொழுதது நியாயம். நாமோ சென்னையில் ஏறி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் ஜித்தாவில் இறங்குகிறோம். நமக்கும் அந்தச் சலுகையா?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல்கள் செல்வது 1995-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. ஆகவே இது இன்று எல்லோருக்குமுரிய கேள்வி.

மார்க்க சட்டம் கஸ்ருக்கு அளவாக வைத்தது தூரத்தையே. சென்று சேரும் நேரத்தையல்ல. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில், கடலும் தரையைப் போன்றதே, அத்தூரத்தை ஒருவர் கடலில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் கஸ்ரு செய்யலாம் என்று எழுதியுள்ளார்கள். விமானத்தைக் காணாத காலத்திலேயே விமானத்திற்கு விடை கிடைத்துவிட்டது! இரண்டு மர்ஹலா என்பது எத்தனை கிலோ மீட்டர் என்பதில் கணக்குகள் வேறுபடும். சிலர் 80-ஐ ஒட்டிச் சொல்வர், சிலர் 130-க்கு மேலும் சொல்வர். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே சுமார் 4,400 கிலோ மீட்டர் இருக்க, அந்த வேறுபாடு இங்கே நம்மைப் பாதிக்காது.

ஆனால் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே சலுகை தொடங்கும். சென்னைவாசிக்கு மீனம்பாக்கம் வரை ஊர்தான். மாலை 4 மணி விமானம் என்றால், அவர் நிலையத்திலேயே அஸ்ரை நான்கு ரக்அத்தாகத் தொழுதுவிட்டு ஏற வேண்டும். நாகூரிலிருந்து வந்து அவர் பக்கத்தில் நிற்பவரோ இரண்டாகத் தொழலாம்.

தொழுகை வக்தும் நோன்பும் அப்படியல்ல. அவை சூரியனைச் சார்ந்தவை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரு நகரங்களுக்குமிடையே தீர்க்கரேகையில் 41 பாகை வித்தியாசம். பாகைக்கு 4 நிமிடம் வீதம் சூரியக் கணக்கில் 2 மணி 44 நிமிடம் ஆகிறது. மேற்கே பறப்பவர் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறார். சென்னையில் 6.15-க்கு மஃரிபு என்றால், 4 மணிக்குப் புறப்பட்டவருக்கு நம் கடிகாரப்படி இரவு 8 மணியைக் கடந்த பிறகே சூரியன் மறையும். உயரத்தில் பறப்பதால் இன்னும் சில நிமிடங்கள் கூடும். ஸஹர் செய்து ஊரிலேயே நோன்பைத் தொடங்கியவர், கைக்கடிகாரம் 6.15 காட்டியதும் ஜன்னலில் வெயில் அடிக்கப் பேரீச்சம் பழத்தை வாயிலிட்டால் அந்த நோன்பு வீண். களாச் செய்ய வேண்டும். தாங்கவே முடியாத வருத்தம் ஏற்பட்டால் நோன்பை விடலாம். அது வேறு சட்டம்.

மஃரிபு வக்து முடியுமுன் 'இஷாவோடு சேர்த்துத் தொழுவேன்' என்று நிய்யத் வைத்திருந்தால், ஷாஃபிஈ மத்ஹபினர் ஜித்தாவில் இறங்கி மஃரிபு மூன்றும் இஷா இரண்டுமாகத் தொழுதுகொள்ளலாம். ஹனஃபிகளுக்கு இவ்வாறு சேர்ப்பது கிடையாது; மஃரிபை அதன் வக்திலேயே தொழ வேண்டும்.

இன்னொன்று மீகாத். இறங்குவதற்குச் சுமார் அரை மணிக்கு முன் அந்த எல்லை வரும். விமானம் நிமிடத்திற்குப் பத்து கிலோ மீட்டருக்கு மேல் ஓடுவது. அறிவிப்பைக் கேட்ட பிறகு உடை மாற்ற எழுந்து வரிசையில் நிற்பவருக்காக எல்லை காத்திராது. இஹ்ராம் துணியை ஏறுமுன்பே உடுத்திக்கொண்டு, அறிவிப்புக்குச் சற்று முன்பே நிய்யத் செய்வது நலம். இஹ்ராமின்றி எல்லை கடந்துவிட்டவர் திரும்பிச் சென்று மீகாத்திலிருந்து வர வேண்டும். இன்றேல் ஓர் ஆடு தம்மாகக் கடமையாகும்.