செயின் வண்டியைக் குனிந்து பாருங்கள்

பழைய கிராலர் டிராக்டர் வாங்க வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லோரும் நேராக என்ஜினிடம்தான் போவார்கள். ஓடுமா, புகை என்ன நிறம், எத்தனை வருஷமாக நிற்கிறது என்று விசாரிப்பார்கள். விற்பவருக்கும் அதுதான் வசதி. என்ஜினைப் பற்றிப் பேச்சு ஓடும்வரை யாரும் குனிந்து செயினைப் பார்க்கப்போவதில்லை. இறுகிப்போன என்ஜினை மீட்டுவிடலாம், பொறுமையும் கொஞ்சம் எண்ணெயும் போதும். தேய்ந்துபோன அடிப்பாகத்தை மீட்கப் பணம்தான் வேண்டும், அதுவும் வண்டியின் விலையைப்போலச் சில மடங்கு. அதனால் ரப்பர் டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஊர்கிற எந்த வண்டியையும் கீழிருந்து மேலேதான் பார்க்க வேண்டும். மீட்டெடுக்கும் வேலையும் அதே வரிசையில்தான் போக வேண்டும்.

நான் இருப்பது கலிபோர்னியாவில், லோடை பக்கம். சுற்றிலும் திராட்சைத் தோட்டமும் வால்நட் மரங்களும். தெற்கே கொஞ்ச தூரத்தில் ஸ்டாக்டன். அங்கேதான் 1904 நவம்பரில் பெஞ்சமின் ஹோல்ட் தன் நீராவி டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகை பதித்த செயின்களை மாட்டி ஓட்டிப் பார்த்தார். சான் வாக்கின் டெல்டாவின் மண் அழுகிய செடிகொடி மக்கி உண்டானது, காலை வைத்தாலே உள்வாங்கும். சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கியும் வண்டி புதைந்துகொண்டே இருந்ததால் வந்த யோசனை அது. 1925இல் ஹோல்ட் கம்பெனியும் அதன் போட்டியாளரான பெஸ்ட் கம்பெனியும் இணைந்துதான் கேட்டர்பில்லர் ஆனது. ஆகவே இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் பழைய மஞ்சள் வண்டி ஒன்று தூசி படிந்து நிற்பது அதிசயமே இல்லை.

நான் வாங்கியது டி2. 1938 முதல் 1957 வரை வந்த மாடல், அந்தக் கம்பெனியின் டீசல் வண்டிகளிலேயே சிறியது. வீட்டுக் கராஜில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதும் இதைத்தான். சிறியது என்றாலும் 3 டன்னுக்கு மேல் எடை. இழுவைத்திறனோ 25 குதிரைத்திறன் அளவில். நம் ஊரில் ஓடும் 40 குதிரைத்திறன் டயர் டிராக்டர்கூட 2 டன்னை ஒட்டித்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இதில் எவ்வளவு இரும்பு என்று புரியும். டிரெய்லரிலிருந்து இறக்கியபோது என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "ஏங்க, கார் இனிமே எங்க நிக்கும்?"

சீரியல் நம்பரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 3ஜே என்று தொடங்கினால் இரண்டு செயின்களின் மையத்துக்கு மையம் 40 அங்குலம் உள்ள குறுகல் வண்டி, 5ஜே என்றால் 50 அங்குலம். 1947 முதல் வந்தவை 4யு, 5யு. அவற்றில் சிலிண்டர் விட்டம் 3¾ அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகப் பெருகியது. பாகம் தேடும்போது முதல் கேள்வியே இந்த எழுத்துதான். ஜே வண்டிக்கு யு பிஸ்டனை வாங்கி வந்து முழிக்க வேண்டாம். நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் வாங்க வேண்டியது பாகப் பட்டியல் புத்தகமும் சர்வீஸ் புத்தகமும். ஸ்பேனர் செட் எல்லாம் அப்புறம். சில சீல்களும் கேஸ்கெட்டுகளும் பழைய பாக நம்பரைச் சொன்னால் டீலரிடமே இன்றைக்கும் கிடைக்கின்றன. மற்றதற்குப் பழைய கேட்டர்பில்லர் வைத்திருப்பவர்களின் சங்கம் இருக்கிறது, உதிரிக்காகப் பிரித்துப்போட்ட வண்டிகளும் இருக்கின்றன.

இனி அடிப்பாகம். முதலில் ஸ்ப்ராக்கெட் பல்லைப் பாருங்கள். நுனி கூர்மையாகி ஒரு பக்கமாக வளைந்திருந்தால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். செயின் உண்மையில் நீளுவதில்லை. உள்ளே பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் இடைவெளி கூடுகிறது, மொத்தத்தில் அது நீளமாகத் தெரிகிறது. அடுத்து, முன்னால் உள்ள ஐட்லரைத் தள்ளிச் செயினை டைட் செய்யும் ஸ்க்ரூவைப் பாருங்கள். அது ஏற்கெனவே கடைசிவரை வெளியே வந்திருந்தால் இனி இறுக்க இடமில்லை. விற்பவர் செயின் "நல்லா டைட்டா இருக்கு" என்பார், அந்த டைட் எதைச் செலவழித்து வந்தது என்பதை ஸ்க்ரூ சொல்லிவிடும். அளந்தே பார்க்க வேண்டுமானால், ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு இரும்புத் துண்டைச் சொருகி, வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்துச் செயினை விறைப்பாக்குங்கள். பிறகு நான்கு கண்ணி தூரத்தை டேப்பால் அளந்து, புத்தகத்தில் உள்ள புது அளவோடு ஒப்பிடுங்கள்.

தேய்மானம் ஓரளவுதான் என்றால் ஒரு வழி உண்டு. பின்களும் புஷ்களும் ஒரு பக்கம் மட்டுமே தேயும். அவற்றை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடித்தால் தேயாத பக்கம் வேலைக்கு வரும், செயினுக்கு இரண்டாவது ஆயுள். ஆனால் அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. அதற்கென்றே பெரிய ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்குச் செயினைக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். கழற்றுவதற்கு மாஸ்டர் பின்னைக் கண்டுபிடியுங்கள். மற்ற பின்களின் முனையிலிருந்து அதன் முனை வேறுமாதிரி இருக்கும், ஒயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால்தான் தெரியும். சேற்றின் கீழே எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

செயினை எவ்வளவு இறுக்குவது? மேல்பக்கம் ஓரளவு தொய்வு வேண்டும், ஒன்று ஒன்றரை அங்குலம். பார்க்க அழகாக இருக்கிறதென்று விறைப்பாக இறுக்கிவிட்டால் பின், புஷ், ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்து தேயும்.

ஐட்லருக்குப் பின்னால் ஒரு தடித்த சுருள் வில் இருக்கும். கல் மாட்டினால் ஐட்லர் பின்வாங்க அது இடம் கொடுக்கிறது. அந்த வில் தொழிற்சாலையிலேயே பயங்கர அழுத்தத்தில் அடக்கி வைக்கப்பட்டது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை அவிழ்க்காதீர்கள். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, வீட்டில் வேண்டாம்.

அடிப்பாகத்துக்கு அடுத்து, சீட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்டியரிங் கிளட்சுகள். இந்த வண்டிக்கு ஸ்டியரிங் வீல் இல்லை, இரண்டு லீவர். இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் சக்தி அறுபடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இன்னும் சுருக்காகத் திரும்ப அந்தப் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டும். உள்ளே பல தட்டுகள் அடுக்கிய உலர் கிளட்ச் இருக்கிறது. வண்டி பல வருஷம் சும்மா நின்றால் ஈரத்தில் துருப்பிடித்து, அடுக்கி வைத்த ஈர அப்பளம்போலத் தட்டெல்லாம் ஒட்டிக்கொள்ளும். லீவர் வரும், கிளட்ச் வராது. வாங்கும்போது இதைச் சோதிக்காதவர்கள்தான் அதிகம். நேராக மட்டும் போகிற 3 டன் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் வண்டியில் வலது பக்கம் ஒட்டியிருந்தது. அந்த அறைக்குள் டீசலை ஊற்றி, வில்களின் அழுத்தம் தட்டின்மேல் இல்லாதபடி லீவரைப் பின்னால் இழுத்துக் கட்டி, ஊறவிட்டேன். பிறகு டீசலை வடித்துவிட்டு, முதல் கியரில் லீவரை இழுத்து பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தியபோது ஒரு பெரிய டொக்கென்ற சத்தத்தோடு விட்டது. எல்லா வண்டியிலும் இது பலிக்காது. பலிக்காவிட்டால் சீட்டிலிருந்து தொடங்கி மேலே உள்ளதையெல்லாம் கழற்றிப் பிரிக்க வேண்டியதுதான். எதிர்ப்பிரச்சினையும் உண்டு: நடு கியர் அறையின் சீல் ஒழுகி ஆயில் உள்ளே வந்தால் கிளட்ச் வழுக்கும். கழுவினால் தற்காலிகமாகச் சரியாகும், சீலை மாற்றாதவரை திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். தூக்கி நிறுத்துவதற்கு ஜாக்கியை நம்பாதீர்கள். ஜாக்கி தூக்க மட்டும். தாங்குவதற்குக் கட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மேடை வேண்டும். ஹாலோ பிளாக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கராஜ் தரையைக் காப்பாற்றப் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகளை விரித்தேன், செயினின் இரும்பு ஷூ திரும்பும்போது கான்கிரீட்டைச் சீவிவிடும்.

இப்போது என்ஜினுக்கு வரலாம். இவ்வளவு தூரம் தள்ளிப்போட்டதற்கு என்ஜின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. இதில் இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

டி2-வில் செல்ஃப் மோட்டார் கிடையாது. நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினின் தோளில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று உட்கார்ந்திருக்கும். போனி என்பார்கள். அதைக் கையால் சுற்றி ஓட்ட வேண்டும், அது டீசலைச் சுற்றி ஓட்டும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், எனவே போனி ஓட ஓடப் பெரிய என்ஜினின் பிளாக்கும் சூடேறும். போனியின் புகைக்குழாய் டீசலுக்குக் காற்று போகிற குழாய்க்குள் புகுந்து வருவதால், உள்ளே போகிற காற்றும் வெதுவெதுப்பாகும். பனிக்காலக் காலையில் பேட்டரியை நம்ப முடியாத காலத்தில் இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

ஓடாத போனிக்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான்: மேக்னெட்டோவில் பொறி இல்லை, கார்புரேட்டரில் அழுக்கு, டேங்கில் துரு. மேக்னெட்டோவின் பாயின்ட்டைச் சுத்தம் செய்து கண்டென்சரை மாற்றினாலே பாதி வண்டிகளில் பொறி வந்துவிடும். டேங்குக்குள் ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்துக் கழுவுங்கள். ஆயில் கேஜ் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். ஆயிலில் பெட்ரோல் கலப்பதைத் தவிர்க்கத்தான் அனுபவசாலிகள் போனியை நிறுத்தும்போது பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகித் தானே நிற்கவிடுவார்கள். கைப்பிடியைச் சுற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எதிரடி கொடுத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முதலில் போகும்.

போனியை டீசலோடு இணைக்கும் பினியனில் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. டீசல் பற்றிக்கொண்டு வேகம் எடுத்ததும் அவை தானாக விலகிப் பினியனை விடுவிக்க வேண்டும். விலகாவிட்டால் டீசல் போனியைச் சுழற்றும், அந்த வேகத்தைப் போனி தாங்காது, வெடித்துச் சிதறும். எனவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அந்தக் கொக்கிகளைக் கழற்றிச் சுத்தம் செய்வது கட்டாயம்.

டீசல் என்ஜின் இறுகியிருந்தால், ஊறவைக்கும் கலவையாக நான் பயன்படுத்துவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு விடும் ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும், பாதிக்குப் பாதி. நாசிலைக் கழற்றிய துளை வழியாக விட்டுப் பொறுமையாக இருங்கள், வேறொரு வண்டியால் கட்டி இழுக்காதீர்கள். அதற்கு முன் வால்வு கவரைக் கழற்றி ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் விட்டுவிட்டது என்ற உற்சாகத்தில் சுற்றினால், ஒட்டிக்கொண்ட வால்வு புஷ் ராடை வளைத்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் துணைக்கு ஒருவர் வேண்டும். பழைய டீசல் கோந்தாகி எரிபொருள் பம்பின் ராக் முழுத்திறப்பில் ஒட்டியிருந்தால், என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். அதை நிறுத்தச் சாவி எதுவும் இல்லை, காற்றை அடைப்பதுதான் வழி. என் மச்சானைத் தட்டையான பலகையோடு காற்றுக்குழாய்க்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். "இதுக்காகவா மச்சான் என்னை பிரிமான்ட்லருந்து வரவெச்சீங்க?" என்றான். இதற்காகத்தான்.

வரிசை இது: கம்ப்ரஷன் லீவரை ஸ்டார்ட்டில் வைத்து, போனியை ஓட்டிச் சூடேற்றி, பினியனைச் சேர்த்து, போனியின் கிளட்சைப் போடுங்கள். டீசல் அழுத்தமில்லாமல் சுற்றும். ஆயில் பிரஷர் முள் எழும்வரை அப்படியே சுற்றட்டும், இதில் அவசரமே வேண்டாம். பிறகு கம்ப்ரஷனை ரன்னுக்குத் தள்ளுங்கள். போனி முனகும், வேகம் குறையும். எரிபொருளைத் திறந்தால் புகை, ஒரு இடி, இன்னொரு இடி, நான்கும் பற்றிக்கொள்ளும்.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. 1931 டிசம்பரில்தான் கேட்டர்பில்லர் சாம்பல் நிறத்தை விட்டு ஹைவே மஞ்சளுக்கு மாறியது, எனவே டி2-க்கு மஞ்சள்தான் பொருத்தம். ஆனால் ஒரு சீசனாவது ஓட்டி, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தபின் அடியுங்கள். புதுப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியை விற்க வைத்திருந்தால் நான் இரண்டு மடங்கு நேரம் குனிந்திருப்பேன்.

ஓட்டும்போது ஒன்று நினைவிருக்கட்டும். இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ளும்போது இடது லீவரை இழுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்பாது, வலப்பக்கம் திரும்பும். விடுபட்ட செயின் தடையில்லாமல் உருள, என்ஜின் பிடித்திருக்கும் செயின் பின்தங்குவதால் அப்படி. வுட்லேண்ட் மாதிரி ஊர்களில் பழைய வண்டிக் கண்காட்சிக்கு எடுத்துப் போகிறவர்கள் இதை உணர்வது டிரெய்லரின் சாய்தளத்தில் இறங்கும்போதுதான். இரும்பு ஷூ இரும்புப் பலகையில் சறுக்கும், மரப்பலகை போட்டுக்கொள்ளுங்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முன்பே சமதரையில் வண்டியை நேராக்குங்கள். சாய்தளத்தின் மேல் இருக்கும்வரை இரண்டு லீவரையும் தொடாதீர்கள்.