நாற்காலி வரைக்கும் வந்த மாத்திரை

அட்லாண்டா,
ஞாயிறு இரவு.

அன்பு மகளே,

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு, ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். 'அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு அதிகம்' என்று உன் நர்ஸிங் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, காரணம் போடவில்லை, "அது அவங்க உடம்புவாகா சித்தி?" என்று கேட்டாய். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற மனிதர்களுக்குத்தான் பல வருஷமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் வேலைக்கு வந்த புதிதில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஓட்டல் சமையல்காரர். ஒரு ராத்திரி மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. கழுத்தில் குழாய் வைத்து எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். எடை பார்த்து, நாற்காலியில் சாய்த்து, குழாயை மெஷினில் இணைத்துக்கொண்டே, "இவ்வளவு முற்றுகிற வரைக்கும் ஏன் டாக்டரிடம் போகவில்லை?" என்று கேட்டேன். குரலில் கண்டிப்பும் இருந்தது. அவர் கோபப்படவில்லை. பிரஷர் இருக்கிறது என்று முன்பே ஒருதடவை சொன்னார்களாம். வேலை மாறியதில் இன்சூரன்ஸ் விட்டுப்போனது, அதோடு மாத்திரையும் விட்டுப்போனது. சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார். அழகாக ஒதுக்கிய தாடி. "இதற்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்விடுவேன். இருபது வருஷமாக ஒரே பார்பர்தான்," என்றார்.

தாடியை ஞாபகம் வைத்துக்கொள். பிறகு வருகிறேன்.

இந்த நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13%. சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்கள். உடம்புவாகும் கொஞ்சம் உண்டு. ஏபிஓஎல்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம். ஆப்பிரிக்காவில் தூக்க நோய்க் கிருமியிடமிருந்து காப்பாற்றிய மாற்றம். தாய், தகப்பன் இரண்டு வழியிலும் அது வந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும் என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்கள் கறுப்பின அமெரிக்கர்களில் எட்டில் ஒருவர்தான். அவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிட்னி கெடுவதில்லை. மிச்சமெல்லாம் சுகர், பிரஷர், வேலை, இன்சூரன்ஸ், குடியிருக்கிற தெரு.

பணம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பாய். 1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டப்படி, செயலிழப்பு வந்தவருக்கு வயது பாராமல் மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் பணம் கொடுக்கிறது. நல்ல சட்டம்தான். எங்கள் சமையல்காரரும் அதனால்தான் பிழைத்தார். ஆனால் விபரீதத்தைப் பார்: கிட்னியைக் காப்பாற்றும் பிரஷர் மாத்திரைக்கு வழியில்லாதவருக்கு, கிட்னி போன பிறகு வாரம் மூன்று நாள் மெஷின் ஓட்டப் பணம் வருகிறது.

அடுத்தது கணக்கு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு எவ்வளவு, வயது என்ன, ஆணா பெண்ணா என்று சூத்திரத்தில் போட்டு, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணிப்பார்கள் என்று படித்திருப்பாய். 1999-ல் வந்த சூத்திரம், ஆள் கறுப்பினம் என்றால் விடையை சுமார் 1.2-ஆல் பெருக்கச் சொன்னது. 2009-ல் வந்ததில் அது 1.159. சூத்திரத்துக்கான ஆய்வில் இருந்த கறுப்பினத்தவருக்கு, சிறுநீரகத் திறன் அதே அளவு இருந்தும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாக இருந்ததாம். தசை அதிகம் என்று காரணம் சொல்லிவிட்டார்கள். அப்போதெல்லாம் லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி அச்சாகும், மேலே மற்றவர்களுக்கு ஒன்று, கீழே கறுப்பினத்தவருக்கு ஒன்று. (என்னைப் போன்ற கறுத்த திருநெல்வேலிக்காரி 'மற்றவர்களில்' சேர்த்தி!) மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில், டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்குவது, திறன் 20-க்கு இறங்கிய பிறகுதான். ஒரே அளவு கிரியாட்டினின், ஒரே வயது. வெள்ளைக்காரருக்கு 18 என்று வரும், காலம் ஓடத் தொடங்கிவிடும். கறுப்பினத்தவருக்கு அந்த 18-ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 21. இன்னும் நாளிருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிளினிக்கில் இருந்த நாட்களில் நானே எத்தனையோ பேருக்கு இரண்டாவது வரியைக் காட்டி, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

2021-ல் இனத்தை விட்டுவிட்டுப் புதிய சூத்திரம் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து, பழைய கணக்கால் இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி மாற்று அறுவை மருத்துவமனைகளுக்கெல்லாம் உத்தரவு. 2024 மார்ச்சுக்குள் 14,000 பேருக்கு மேல் திரும்பக் கிடைத்திருந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகும், "அவர்கள் டாக்டரை நம்புவதில்லை, விழிப்புணர்வு இல்லை" என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பக்கத்து மாநிலம் அலபாமாவில், டஸ்கிகி என்ற ஊரில், சிஃபிலிஸ் நோய் வந்த கறுப்பின ஆண்கள் சுமார் 400 பேரை 1932 முதல் 1972 வரை அரசு மருத்துவர்களே சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. சூடு கண்ட பூனையிடம் போய் விழிப்புணர்வு வகுப்பு எடுக்க முடியுமா?

வகுப்பு எடுக்காமல் வேறு வழி பார்த்தவர்கள் இருந்தார்கள். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் கிளைவ் காலெண்டர், கறுப்பினத்தவர் உறுப்புதானம் செய்யத் தயங்குவது ஏன் என்று அவர்களிடமே கேட்டார். விஷயம் தெரியாது, மத நம்பிக்கை, டாக்டர் மேல் அவநம்பிக்கை, கையெழுத்துப் போட்டால் சாகும் முன்பே செத்ததாக அறிவித்துவிடுவார்களோ என்ற பயம், கொடுத்தாலும் வெள்ளைக்காரருக்குத்தான் போகும் என்ற நினைப்பு. பதிலைக் கேட்டுக்கொண்டு, பேசுகிற வேலையை அந்த ஜனத்திலேயே உறுப்பு பெற்றவர்களிடமும் கொடுத்தவர்களின் குடும்பங்களிடமும் ஒப்படைத்தார்.

இப்போது தாடி. லாஸ் ஏஞ்சலீஸில் ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் 52 பார்பர் ஷாப்புகளைப் பிடித்தார். அங்கே வாடிக்கையாக வரும் கறுப்பின ஆண்கள் 319 பேர். எல்லோருக்கும் பிரஷர் எகிறிக் கிடந்தது, மேல் அளவு சராசரியாக 150-க்கு மேல். நம்மூர் சலூனில் தினத்தந்தியும் அரசியலும் ஓடுமே, இங்கேயும் அப்படித்தான். முடிவெட்டுவது பாதி, பேச்சு பாதி. கடைகளை இரண்டு கூறாக்கினார். ஒரு கூறில் பார்பர், "பிரஷரைக் கவனி, டாக்டரைப் போய்ப் பார்" என்று எடுத்துச் சொன்னார். இன்னொரு கூறில் மருந்தாளுநர் கடைக்கே வந்தார். அங்கேயே பிரஷர் பார்த்து, டாக்டர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி தாமே மாத்திரை எழுதி, ரத்தத்தையும் அங்கேயே சோதித்து, மாதாமாதம் அளவைக் கூட்டிக் குறைத்தார். ஆறு மாதத்தில், பேச்சோடு நின்ற கடைகளில் மேல் அளவு சராசரியாக 9 இறங்கியது. மாத்திரை வந்த கடைகளில் 27. 2018-ல் இந்த முடிவு வெளியானது.

இந்த இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள். இரண்டு பக்கமும் பார்பர் ஒரே மாதிரிதான் நம்பப்பட்டவர். கதவை அவர் திறந்துவிட்டார். உள்ளே போனது ஒரு பக்கம் அறிவுரை, மறுபக்கம் மருந்து. 'சமூகப் பங்கேற்பு' என்று பேனர் கட்டி அறிவுரையை மட்டும் அனுப்புகிற திட்டங்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ஒஹையோ பக்கம் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கே பயிற்சி கொடுத்து, டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டச் சொன்னார்கள். அறுவைக்கு முன்னால் எத்தனை படி என்கிறாய்! ஸ்கேன், பல் டாக்டர், இதயம், இன்சூரன்ஸ், ஃபார்ம் மேல் ஃபார்ம். 2012-ல் வந்த முடிவில், துணை இருந்தவர்கள் சராசரியாக 3.5 படி தாண்டினார்கள், இல்லாதவர்கள் 1.6. அதையே பிறகு 40 மையங்களில் பெரிதாகச் செய்து பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. துணைக்கு ஆள் வந்தாலும் படிகள் அப்படியேதானே இருக்கின்றன.

இது கறுப்பினத்தவர் கதை மட்டும் என்று நினைக்காதே. அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடம் சுகரால் வரும் சிறுநீரகச் செயலிழப்பு 1996-க்கும் 2013-க்கும் நடுவே 54% குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. பழைய மாத்திரையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான். அவர்கள் ஊர் கிளினிக்கிலேயே முறையாகக் கிடைத்தது, அவ்வளவுதான். நியூ மெக்சிகோவில் சூனி மக்களிடம் அந்த இனத்துச் சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற முறையையும் சோதித்தார்கள். நம்மூர் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண்கள் பையோடு வருவதைப் பார்த்திருப்பாயே, அந்த மாதிரி.

போன வருஷம் எங்கள் மையத்தில் ஒரு அம்மாவுக்கு, காத்திருப்புக் காலத்தைத் திருத்தலாம், பழைய ரிப்போர்ட் இருந்தால் உதவும் என்று கடிதம் வந்தது. அவருடைய சர்ச்சில், ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருத்தி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேஜை போட்டு இந்தக் காகிதங்களைத்தான் பார்த்துக் கொடுக்கிறாளாம். இரண்டு பேருமாக வீட்டைக் கவிழ்த்துத் தேடி, செருப்பு டப்பா ஒன்றிலிருந்து எட்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை எடுத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா அதை என்னிடம் நீட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது. இரண்டு வரியும் தெளிவாகத் தெரிந்தன. "இதில் எது என்னுடையது?" என்று கேட்டார். நான் மேல் வரியில் விரலை வைத்தேன்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். பரீட்சை முடிந்ததும் எழுது.

சித்தி