புறாக் கூண்டில் நெருக்கமும் நோயும்

வீட்டு மாடிகளிலும் தோட்டங்களிலும் புறா வளர்ப்பது நம் நாட்டில் நெடுங்காலமாய் இருந்துவரும் வழக்கமாகும். கர்ணப் புறா, ஹோமர் முதலிய ஜாதிகளைப் பலர் மிக்க ஆசையுடன் வளர்க்கின்றனர். வழியறிந்து வீடு திரும்பும் இப்பறவைகளின் குணத்தைக் கருதி, ஒரிஸ்ஸாப் போலீஸ் இலாகாவினர் 1946-ம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் செய்தி கொண்டு செல்லும் புறாக்களைப் பராமரித்து வந்தனர். ஆயினும் புறாக்கள் பெருகும் வேகத்தை வளர்ப்போர் பெரும்பாலும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு ஜோடிக்கென்று அமைத்த கூண்டில் நாற்பது பறவைகள் அடைய நேரிட்ட பின், மழைக்காலத்தில் நோய் புகுந்து கூட்டத்தின் பெரும்பகுதியை அழித்துவிடக்கூடும். அப்பொழுது மருந்து தேடி அலைவதனால் பயன் சிறிதே. நோய்க்கு இடங்கொடுத்தது நெருக்கமே என்பதை உணர்ந்து, அதை முதலில் நீக்குவதே அறிவுடைமையாகும்.

பெருக்கத்தின் கணக்கு

ஒரு ஜோடி ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள் இடும். முட்டைகள் 17 அல்லது 18 நாட்களில் பொரிக்கும். குஞ்சுகள் நான்கு, ஐந்து வாரங்களில் கூட்டை விட்டு வெளிவரும். ஆனால் அதற்கு முன்னரே தாய் மறுபடியும் முட்டையிடத் தொடங்கிவிடும். ஆண்டொன்றுக்கு ஐந்து ஈடு மட்டும் தேறுவதாக வைத்துக்கொண்டாலும், நான்கு ஜோடிகளிலிருந்து 40 குஞ்சுகள் கிடைக்கும். பெற்றோருடன் சேர்த்து 48 பறவைகள் ஆகின்றன. ஆண்டின் முற்பகுதியிற் பிறந்தவை ஆறு மாதத்தில் தாமே ஜோடி சேர்வதால், உண்மையான தொகை இதனினும் மிகுதியாகும்.

வளர்ந்த புறா ஒன்றுக்கு நாள்தோறும் சுமார் 35 கிராம் தானியம் வேண்டும். எட்டுப் பறவைகளுக்கு மாதம் எட்டரைக் கிலோவுக்குள் அடங்கிய தீனி, 48 பறவைகளுக்கு 50 கிலோவாக உயரும். செலவு தாங்காமல் தீனியைக் குறைக்கும்பொழுது, வலியவை உண்ண எளியவை பட்டினி கிடக்கின்றன. நோய் முதலில் பற்றுவது இவற்றையே.

நெருக்கத்தால் விளையும் தீமைகள்

புறா தனக்கென ஓரிடத்தைப் பிடித்துக் காக்கும் இயல்புடையது. இடம் போதாவிடில் ஆண் பறவைகள் ஓயாது சண்டையிடும்; முட்டைகள் உடையும்; வழி தவறி அயலறையில் நுழையும் குஞ்சுகளின் தலையைப் பெரியவை கொத்திப் புண்ணாக்கும். தரையில் எச்சம் குவிந்து, காரநெடி எழுந்து, பறவைகளின் மூச்சுக்குழல் கெடும். எல்லாப் பறவைகளும் ஒரே தண்ணீர்த் தட்டில் வாய்வைப்பதால், ஒன்றின் நோய் ஒரே நாளில் பலவற்றைச் சேரும். ஆரோக்கியமாய்த் தோன்றும் புறாக்கள் பலவற்றின் உடலில் நோய்க்கிருமிகள் அடங்கியே இருப்பதுண்டு. நெருக்கத்தாலும் பட்டினியாலும் உடல் தளரும்பொழுது அவை தலையெடுக்கின்றன.

இடமும் கூண்டும்

ஒரு ஜோடிக்குத் தரையில் மூன்று சதுர அடிக்குக் குறையாத இடம் இருத்தல் நலம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அறையும், அதில் இரண்டு மண் சட்டிகளும் வேண்டும். ஒன்றில் குஞ்சுகள் இருக்கையில் மற்றொன்றில் அடுத்த முட்டைகள் இடப்படும். அமரும் கட்டைகள் பறவைகளின் எண்ணிக்கையினும் சற்று மிகுதியாயிருக்க வேண்டும். கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தால் மேலுள்ளவற்றின் எச்சம் கீழுள்ளவற்றின்மேல் விழும். கூண்டில் காலை வெயில் படவேண்டும், மழைச்சாரல் புகலாகாது. காற்று மேற்பகுதியில் தாராளமாக உலாவ வேண்டும். உறங்கும் பறவைகளின்மேல் நேரே வீசுதல் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம் தரை உலர்ந்திருப்பதேயாம்.

முக்கியமான நோய்கள்

1. தொண்டைப் புண். கேங்கர் என்று புறா வளர்ப்போர் கூறுவது இதுவே. ட்ரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிரால் உண்டாவது. வாயினுள்ளும் தொண்டையிலும் மஞ்சள் நிறமான, பாலாடைக்கட்டி போன்ற படிவு காணப்படும். பறவை விழுங்க முடியாமல் மெலியும். தாய் தந்தையரின் தீனிப்பையில் ஊறும் பாலின் வழியாகக் குஞ்சுகளுக்கும், தண்ணீரின் வழியாக மற்றவற்றுக்கும் பரவும். இதற்குத் தக்க மருந்துகள் உண்டு. படிவைப் பலவந்தமாகச் சுரண்டினால் இரத்தம் பெருகிப் பறவை இறந்துபோகலாம்.

2. கழுத்துத் திருகும் நோய். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக் கழிச்சல் நோயின் கிருமியோடு ஒத்த இனத்தைச் சேர்ந்த வைரஸால் வருவது. எச்சம் தண்ணீராகப் போகும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், தானியத்தைக் கொத்தினால் குறி தவறும். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. ஆழமான பாத்திரத்தில் தீனி வைத்தும், வேண்டுமாயின் கையால் ஊட்டியும் பேணினால் பல பறவைகள் சில வாரங்களில் தேறுவதுண்டு. நோய் வருமுன் தடுப்பூசி போடுவதே சரியான காப்பு. இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டு, லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளிலிருந்த தீனித் தானியத்தில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்தமையால், கோழிப் பண்ணைகள் பலவற்றில் நோய் கிளம்பியது. ஆகையால் கோழியும் புறாவும் ஒருங்கே வளர்ப்போர், கோழித் தீனியைப் புறாக்கள் அணுகாவண்ணம் மூடிவைத்தல் மிக அவசியம்.

3. அம்மை. அலகின் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் கால்களிலும் கொப்புளங்கள் தோன்றிப் பொருக்காகும். கொசுக்கடியாலும், காயங்களின் வழியாகவும் பரவும். கூண்டின் அருகே நீர் தேங்க விடலாகாது. இரவில் கொசு வலை கட்டுவது பயன் தரும்.

4. குடல் நோய். காக்ஸிடியா என்னும் ஒட்டுண்ணியின் கருக்கள் எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. நாள்தோறும் எச்சத்தை அகற்றினால் அவை முதிருமுன்னரே நீங்கிவிடும். இவற்றைச் சாதாரணக் கிருமிநாசினிகள் எளிதில் அழிப்பதில்லை. உலர்ச்சியும் கொதிநீருமே அழிக்கும்.

5. புறா ஈ. இறகுகளுக்கிடையே ஓடித்திரிந்து இரத்தத்தை உறிஞ்சும் தட்டையான ஈ இது. புறாக்களுக்கு வரும் மலேரியா போன்ற இரத்த நோயை இந்த ஈயே பரப்புகிறதென்பதை 1906-ல் அல்ஜீரியாவில் ஸெர்ஜாங் சகோதரர்கள் கண்டறிந்தனர். கூட்டின் குப்பையில் விழும் இதன் கூட்டுப்புழு முதிர்ந்து ஈயாக மூன்று வாரங்களுக்கு மேலாகும். எனவே 20 நாட்களுக்கொருமுறை கூட்டுக் குப்பையை மாற்றி எரித்துவிட்டால் ஈயின் வம்சம் அற்றுப்போகும்.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டியவை

இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் பறவையை அன்றே பிரித்து, வேறிடத்தில் தனிக் கூண்டில் வைக்க வேண்டும். அதற்குரிய தட்டுகளும் தனியாயிருத்தல் வேண்டும். நாள்தோறும் ஆரோக்கியமானவற்றை முதலிற் கவனித்து, நோயுற்றவற்றை இறுதியிற் கவனித்துக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. நோய் தணியும்வரை பறவைகளை வெளியே பறக்க விடுதலும், புதியன வாங்கிச் சேர்த்தலும், இருப்பவற்றை விற்றலும் கூடா. நோயுற்ற புறாவைச் சந்தையில் தள்ளிவிடுவது அயலார் கூண்டில் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

இறந்த பறவையை எறிந்துவிடாமல், உடனே கால்நடை வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்று காட்டினால் நோய் இன்னதென்று துணிய இயலும். பின்னர் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். காரணம் அறியாமல் கடையில் கிடைக்கும் மாத்திரைகளைத் தண்ணீரிற் கரைத்து வைப்பது தவறு. நோய் தீராததோடு, கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறும். மருந்தின் அளவை வைத்தியரே வகுக்க வேண்டும்.

கூண்டைச் சுத்தம் செய்கையில், முதலில் எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, வெயிலில் நன்கு உலரவிட்டு, இறுதியில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எச்சம் படிந்திருக்கையில் மேலே தெளிக்கும் கிருமிநாசினி வீணே.

தொகையை வரையறுத்தல்

கூண்டின் அளவுக்கு எத்தனை ஜோடி தகுமென்று முதலிலேயே வகுத்து, அதனைக் கடவாதிருப்பதே நலம். குஞ்சு வேண்டாத காலத்தில், முட்டையிட்ட முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் அவற்றை எடுத்து, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த போலி முட்டைகளை வைக்கலாம். முட்டைகளை நன்கு வேகவைத்து ஆறிய பின் திரும்ப வைத்தலும் உண்டு. ஜோடி வழக்கமான காலம் அடைகாத்துப் பின் தானே விட்டுவிடும். முட்டைகளை எடுத்துவிட்டு வெறுங்கூட்டை விட்டால், பெட்டை பத்து நாட்களுக்குள் மறுபடியும் முட்டையிடும். இவ்வாறு அடிக்கடி நேர்ந்தால் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்துக் குறைந்து பெட்டை நலிந்துபோகும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளும் சிறு கற்களும் எப்பொழுதும் கிடைக்கச் செய்தல் வேண்டும். ஆண்டில் சில மாதங்கள் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு கூண்டில் பிரித்துவைப்பது இரண்டுக்கும் ஓய்வளிக்கும்.

மிகுந்த பறவைகளை, நோயற்றவை என உறுதியான பின், பேணத்தக்கவருக்குக் கொடுத்துவிடலாம். வெளியே துரத்திவிடுதல் கூடாது. கூண்டில் வளர்ந்தவை பருந்துக்கும் பூனைக்கும் இரையாகும். தப்பியவை கோபுரங்களிலும் கட்டடங்களிலும் வாழும் கூட்டத்தோடு சேர்ந்து நோயைப் பரப்பும். புதிதாக வாங்கும் பறவையை 30 நாட்கள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தில் விடுக.

வளர்ப்போரின் சுகாதாரம்

உலர்ந்த எச்சத்தூளையும் இறகுத் தூளையும் ஓயாது சுவாசிப்பவர்க்கு நாளடைவில் நுரையீரல் நோய் உண்டாகலாம். எச்சத்தின் மூலம் மனிதருக்குத் தொற்றும் கிருமிகளும் உண்டு. பெருக்குமுன் நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்ள வேண்டும். தெளித்த நீர் தேங்காமல், எச்சத்தை அள்ளியவுடன் தரையை உலர்த்திவிடுக. நீடித்த இருமலோ, மூச்சு முட்டலோ, காய்ச்சலோ கண்டவர், தாம் புறா வளர்ப்பதை வைத்தியரிடம் தவறாது தெரிவித்தல் வேண்டும்.

உலர்ந்த தரை, தூய நீர், அளவான தொகை ஆகிய இம்மூன்றும் அமைந்த கூண்டில் நோய் புகுவது அரிது. புகுந்தாலும் பரவுவது அரிது. நாற்பது நலிந்த பறவைகளினும் பத்து நல்ல ஜோடிகளே வளர்ப்போர்க்கு மகிழ்ச்சி தருவனவாம்.