ஒரு படகில் புலியும் வழிபாடும்

வருசநாட்டு மலைகளிற் பிறக்கும் வையையாறு பல ஊர்களை வளப்படுத்தி, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயிற் சென்று அடங்குகின்றது; வெள்ளம் மிகுந்த காலத்தன்றி அது கடலைக் காண்பதில்லை. ஆற்றின் நிலையே இதுவாயின், அதன் தலைமாட்டில் வாழும் நமக்குக் கலமுடைந்து கடலில் தவித்தவன் கதையால் ஆவது யாது என்று மாணவர் சிலர் வினவக்கூடும். வினா நேரியதே. ஆயினும், நாம் ஈண்டு ஆராயப் புகும் நாவலில் நமக்கு அயலானவை இரண்டல்ல, கடல் ஒன்றே. அதில் வரும் புலி நமது காட்டிலும் உண்டு. மேகமலையும் திருவில்லிபுத்தூர்க் காடும் சேர்ந்த பரப்பு 2021ஆம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஆயிற்று. கதைத்தலைவன் பிற சமயங்களை முதன்முதல் எதிர்ப்படும் இடமோ, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிச் சென்றால் அடையும் மூணாறு.

அந்நாவல், கனடா நாட்டு ஆசிரியர் யான் மார்டெல் 2001இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ என்பது. 2002இல் புக்கர் பரிசு பெற்றது. 2012இல் ஆங் லீ என்பவரால் திரைப்படமும் ஆயிற்று. புதுச்சேரியில் விலங்குக்காட்சிசாலை நடத்திய ஒருவரின் இளைய மகன் பை பட்டேல். குடும்பத்தார் விலங்குகளுடன் கப்பலேறிக் கனடாவுக்குக் குடிபெயர்கின்றனர். 1977 சூலை 2ஆம் நாள் பசிபிக்கு மாகடலில் கப்பல் மூழ்குகின்றது. தாய், தந்தை, தமையன் மூவரையும் இழந்த பதினாறு வயதுச் சிறுவன், 26 அடி நீளமுள்ள உயிர்காப்புப் படகொன்றில் எஞ்சுகின்றான். அவனுடன் வரிக்குதிரை, கழுதைப்புலி, உராங்குட்டான் ஆகியவை இருக்கின்றன. 450 ராத்தல் எடையுள்ள வங்கப்புலியும் இருக்கின்றது. சில நாட்களில் எஞ்சுவோர் இருவரே: பையும், ரிச்சர்ட் பார்க்கர் எனப் பெயர் பூண்ட அப்புலியும். இருவரும் 227 நாட்கள் மிதந்து மெக்சிக்கோக் கரையை அடைகின்றனர்.

இக்கதையைப் படிப்போர் பலர், தெய்வ நம்பிக்கை அச்சத்தை ஓட்டியதனால் பை பிழைத்தான் என்று எளிதாகக் கூறிவிடுகின்றனர். நூலை ஊன்றிப் படிப்பார்க்கு அது பொருந்தாது. பையை விட்டு அச்சம் ஒருநாளும் நீங்கவில்லை. நீங்கியிருப்பின் அவன் அன்றே புலிக்கு இரையாகியிருப்பான். பையின் இளமையில் அவன் தந்தை, புலிக்கூண்டில் ஓர் ஆட்டை விடுத்து, அது கிழிபடுவதை மக்கள் இருவரும் காணச் செய்கின்றார். கொடிய பாடம் அது. எனினும் நடுக்கடலில் அவனைக் காத்தவற்றுள் அதுவும் ஒன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை அறிவின்மை என்பது வள்ளுவர் கொள்கையன்றோ?

முதலில் புலியைக் கொல்ல வழி தேடிய பை, அஃது இயலாதெனக் கண்டபின் அதனைப் பழக்கத் துணிகின்றான். ஆமையோட்டைக் கேடயமாகப் பிடிக்கின்றான். ஊதலை ஊதிக்கொண்டே படகை ஆட்டிப் புலிக்கு மயக்கமும் குமட்டலும் வருவிக்கின்றான். நாளடைவில் ஊதலொலி கேட்ட அளவிலேயே புலி தன் எல்லையில் ஒதுங்குகின்றது. மலையடிவாரத்துக் கொல்லைகளில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்து, தகரம் தட்டி யானையையும் பன்றியையும் விலக்கும் உழவரை அறிந்தோர்க்கு இதன் உண்மை விளங்கும். அவர் காட்டை அழிக்கவும் நினையார். கொல்லையைக் கைவிடவும் நினையார். எல்லையைக் காப்பதே அவர் தொழில். அச்சம் அவரை ஓடச் செய்யவில்லை, விழித்திருக்கச் செய்கின்றது. பையின் நிலையும் அதுவே. புலியைப் பேணும் கவலை இல்லாதிருந்தால், சுற்றத்தாரை இழந்த துயரே தன்னை மாய்த்திருக்கும் என அவன் உணர்கின்றான்.

அங்ஙனமாயின் சமயப்பற்று செய்தது யாது? பதினான்காம் வயதில் பை, மூணாற்றின் மூன்று குன்றுகளில் ஒன்றில் கோவிலையும், ஒன்றில் கிறிஸ்தவ ஆலயத்தையும், ஒன்றில் மசூதியையும் காண்கின்றான். இந்துவாகப் பிறந்த அவன், அங்கே ஒரு பாதிரியாரிடத்தும் பின்னர்ப் புதுச்சேரியில் ஒரு முஸ்லிம் அன்பரிடத்தும் கற்று, மூன்று நெறிகளையும் தழுவுகின்றான். கடலில் அவன் வழிபாடு அற்புதம் எதையும் விளைவிக்கவில்லை. அது நாளுக்கு ஒழுங்கு தந்தது. விடியலில் வழிபாடு, பின் சிற்றுணவு, பின் படகையும் தெப்பத்தையும் பார்வையிடுதல், வெயிலால் கடல்நீரை நன்னீராக்கும் கருவிகளைக் கவனித்தல், மீன் பிடித்தல், மீண்டும் வழிபாடு என அவன் நாளைப் பகுத்துக்கொள்கின்றான். புலால் உண்ணாத மரபினன், முதன்முதல் ஒரு மீனைக் கொன்றபோது அழுகின்றான். அம்மீனைத் தன் வேண்டுதலில் பின்னர் ஒருநாளும் மறந்திலன். கொல்லாமல் வாழ இயலாத நிலையிலும், கொலையைச் சிறிதென எண்ணாதிருக்கச் செய்தது அவன் சமயப்பற்று. இந்நுட்பத்தை மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும்.

1719இல் டேனியல் டீபோ இயற்றிய ‘இராபின்சன் குருசோ’ கதையை இதனோடு ஒப்பிடுக. தனித்தீவில் வேதநூலைப் பயின்று தெளிவு பெற்ற குருசோ, மணலில் மனித அடிச்சுவடு ஒன்றைக் கண்ட அளவில் நடுங்கி, தன் நம்பிக்கை முழுதும் அச்சத்தாற் பறிபோயிற்று என வருந்துகின்றான். பையின் படகிலோ அச்சமும் நம்பிக்கையும் முதல்நாள் முதலே உடனுறைகின்றன. ஆதலின் ஒன்று வந்து மற்றொன்றைத் துரத்துவதில்லை.

நம் தமிழிலும் கலமுடைந்தான் ஒருவன் உளன். மணிமேகலையில் வரும் சாதுவன், பொருளைச் சூதில் தொலைத்து, வாணிகம் செய்யக் கடலேறி, மரக்கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் வாழும் மலைக்கரையை அடைகின்றான். உடைந்த கலத்தில் வந்தாரைக் கொன்று தின்பவர் அவர். அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையால் உயிர் தப்புகின்றான். அவர் தலைவன் அளித்த கள்ளையும் ஊனையும் பெண்ணையும் மறுத்து அறம் உரைக்கின்றான். கலமுடைந்து வருவார் உயிரைக் காக்குமாறும் வேண்டுகின்றான். உயிர் பிழைத்தல் ஒன்றே குறிக்கோளாயின், ஈந்ததை ஏற்று வாளா இருந்திருக்கலாம். தன்னைப்போல் இனி வருவோரையும் நினைந்தமையே அவன் பெருமை.

நிற்க. நாவலின் இறுதியில் கடினமான பகுதி ஒன்றுளது. கப்பல் மூழ்கியதை விசாரிக்க வந்த சப்பானிய அலுவலர் இருவர் புலிக்கதையை நம்ப மறுக்கின்றனர். பை வேறொன்று சொல்கின்றான்: படகில் இருந்தோர் அவன் தாய், ஒரு மாலுமி, ஒரு சமையற்காரன் ஆகியோர்; சமையற்காரன் மற்ற இருவரையும் கொன்றான்; அவனைப் பை கொன்றான். அக்கதைப்படி புலி வேறெவரும் அல்லர், பையே. இரண்டனுள் எக்கதை நல்லதென அவன் கேட்க, அவர்கள் விலங்குக்கதையையே விரும்புகின்றனர். அவ்வாறாயின் சமயமென்பது இனிய பொய்யைத் தேர்ந்துகொள்வதுதானா என்று ஐயுறுவார் உளர்.

இவ்வையத்தைத் தள்ளிவிடலாகாது. ரிச்சர்ட் பார்க்கர் என்னும் பெயரிலேயே இதற்கு விடை காணலாம் என்பது நம் கருத்து. 1884இல் ‘மிக்னொனெட்’ என்னும் ஆங்கிலப் படகு தென் அட்லாண்டிக்கில் மூழ்க, தப்பிய நால்வருள் இளையவனான அப்பெயருடைய சிறுவனைத் தோழர் கொன்று தின்றனர். தலைவன் டட்லியும் ஸ்டீபன்ஸும் உயிர்காக்கச் செய்தோம் என வாதாடினர். நீதிமன்றமோ கொலையே எனத் தீர்த்தது. மரண தண்டனை பின்னர் ஆறுமாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. வாழவேண்டும் என்னும் வேட்கை, கட்டுக்குள் நில்லாவிடின் எவ்விடம் சேரும் என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது. ஆசிரியர் இரையானவன் பெயரைப் புலிக்கு இட்டது வீணன்று.

ஆகவே, எக்கதை மெய்யாயினும் படகில் ஒரு புலி இருந்தது உண்மை. அஃது அவனுள் இருந்ததாயின், ஊதலைக் கையிற் பிடித்திருந்தது அவனது சமயப்பற்றே. அது புலியைக் கொல்லவில்லை, பட்டினியிடவும் இல்லை, எல்லை வகுத்தது. பற்று இனிய முடிவைத் தருவதால் மெய்யாவதன்று. 227 நாளும் ஒருவனை மனிதனாக எழச் செய்ததால் அது மதிக்கத்தக்கது.

கரை சேர்ந்த அன்று, புலி திரும்பியும் பாராமல் காட்டுக்குள் மறைகின்றது. பை விம்மி அழுகின்றான். பிழைத்த மகிழ்ச்சியினும் அவனுக்குப் பெரிதாயிருந்தது, நன்றி கூறவும் இடமின்றிப் பிரிந்த அத்துணையின் பிரிவே. தம்மை நெடுங்காலம் விழித்திருக்கச் செய்த அச்சத்துக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டோர் நம்முள்ளும் பலர் இருத்தல் கூடும்.