வீட்டை ஒட்டிய மரம்: தூரத்தை அளக்குமுன் மண்ணைப் பாருங்கள்

வீட்டை ஒட்டி வளர்ந்துவிட்ட வேம்பையோ பூவரசையோ என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் முதலில் அளப்பது தூரத்தைத்தான். சுவருக்கும் மரத்துக்கும் எட்டடிதான் இருக்கிறது, வெட்டிவிடலாமா என்பதே பெரும்பாலும் கேள்வி. தூத்துக்குடிப் பக்கம் இதற்கு அடிக்கணக்கில் பதில் சொல்ல முடியாது. அடியில் இருப்பது என்ன மண், சுவரின் விரிசல் எப்படிப்பட்டது, மரம் வீட்டுக்கு எந்தத் திசையில் நிற்கிறது ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான், விட்டுவைப்பதா, கவாத்துச் செய்வதா, வேரைத் தடுப்பதா, வெட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இந்த வரிசையில் பார்த்தால், வெட்டியே ஆகவேண்டிய மரங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

முதலில் மண். வேர் அடித்தளத்தை முட்டித் தள்ளிவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. வேர்கள் தூக்கிவிடுவது பெரும்பாலும் தளக்கல், வாசற்படி, ஆழமில்லாத காம்பவுண்டுச் சுவர் போன்ற எடை குறைந்தவற்றைத்தான். வீட்டுக்கு வரும் பெரிய சேதம் வேறு வழியில் வருகிறது: வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி, அடித்தளம் ஒரு பக்கமாக இறங்குகிறது. அதற்குச் சுருங்கி விரியும் களிமண் வேண்டும். 1976-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் பிரிட்டனில் ஏராளமான வீடுகள் விரிசல் கண்டது இப்படித்தான். நம் மாவட்டத்தில் அத்தகைய மண், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் உப்பிக்கொள்ளும். புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களின் மணலும், குதிரைமொழித் தேரியின் செம்மணலும் காய்ந்தாலும் அப்படிச் சுருங்குவதில்லை. சந்தேகம் இருந்தால் அடித்தளத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று அடி தோண்டி, ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பாருங்கள். திரிபோல நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். மணலில் நிற்கும் வீட்டுக்கு, மரம் ஈரத்தைக் குடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

அடுத்து விரிசல். கடற்கரை வீடுகளில் எல்லா விரிசலுக்கும் மரத்தின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. தூணிலும் உத்தரத்திலும் நீளவாக்கில் ஓடி, துருக்கறையுடன் காரை பெயர்ந்து விழுந்தால், அது உப்புக் காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். மொட்டைமாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாக்கில் போனால், பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வந்தது. ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் இருந்து, கோடையில் திறந்து மழையில் மூடிக்கொள்ளும் விரிசல்தான் மண் இறங்கியதைச் சொல்கிறது. இதை உறுதிசெய்யச் செலவில்லாத வழி உண்டு. விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை இருபுறமும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். சித்திரை வெயிலையும் கார்த்திகை மழையையும் தாண்டி ஒரு வருடம் உடையாமல் இருந்தால், சுவர் அசையவில்லை.

மூன்றாவது, காற்று. கடற்கரை மணலில் மரத்தின் உண்மையான ஆபத்து இதுதான். காற்றாலைகளை இந்தியா 1986-இல் முதன்முதலாக நிறுவிய இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று என்பதே இங்குள்ள காற்றின் வேகத்துக்குச் சான்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான், வீட்டுக்கு மேற்கே நிற்கும் மரத்தை வீட்டின் மேல் தள்ளும். கிழக்கே நிற்பதை வீட்டைவிட்டு விலக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னங்களோடு வரும் காற்று திசை மாறி அடிக்கும். அப்போது மண்ணும் ஊறி, வேரின் பிடி தளர்ந்திருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை நினைத்தால், வேரடி ஈரத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே மரத்தின் அடியில் காளான், பொந்து, அண்மையில் கூடிய சாய்வு, வேரடியில் மண் வெடித்துத் தூக்கியிருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். இவற்றில் ஒன்று இருந்து, விழும் திசையில் வீடும் இருந்தால், அதுதான் வெட்ட வேண்டிய மரம். தூரம் எட்டடியா பதினைந்தடியா என்பது அங்கே பொருட்டே அல்ல.

இனி வழிகளை ஒப்பிடலாம். மணலில் நிற்கும் நல்ல வேம்புக்கும் புங்கனுக்கும் பூவரசுக்கும் கவாத்துதான் முதல் வழி. கூரையைத் தொடும் கிளையையும் காய்ந்த கிளையையும், அவை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள தடித்த வளையத்தைச் சேதப்படுத்தாமல் அறுக்க வேண்டும். மொட்டையடிப்பது கவாத்து அல்ல. அதன்பின் அடர்ந்து துளிர்க்கும் கிளைகள் மேற்பட்டையில் மட்டும் ஒட்டி வளர்வதால், சில வருடங்களில் காற்றுக்கு அவைதான் முதலில் முறியும். தென்னைக்கும் பனைக்கும் குருத்து ஒன்றே. அதை வெட்டினால் மரமே போய்விடும். அவற்றின் வேரும் மெல்லிய சல்லிவேர், அடித்தளத்துக்குப் பகையல்ல. முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிட்டு, சிவப்புக் கூன்வண்டு துளைத்திருக்கிறதா என்று தண்டைப் பார்த்தால் போதும். வேரைத் தடுக்க இடையில் பள்ளம் வெட்டித் தடுப்பு வைப்பது இரண்டாம் வழி. கரிசலுக்கு அது பொருந்தும், ஆனால் மரத்தை மிக நெருங்கி வெட்டினால் பிடியே போய்விடும். பிரிட்டனின் கட்டுமானத் தரநிலை, தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தைக் காக்க வேண்டிய வேர்ப் பகுதியாகக் கொள்கிறது. ஓரடி விட்டமுள்ள மரத்துக்குப் பன்னிரண்டடி. அவ்வளவு இடம் இல்லாத மனையில், வீட்டுக்கு மேற்கே நிற்கும் மரத்தின் வேரை வெட்டுவது வீட்டின் மேல் மரத்தைச் சாய்க்க வழிசெய்வதாகும்.

‘பயந்துகொண்டே இருப்பதைவிட வெட்டிவிடுவது நிம்மதி’ என்பது நியாயமான மறுப்பு. மணலில் அது பெரும்பாலும் உண்மை. அங்கே இழப்பு நிழல்தான், ஆனால் மே மாத வெயிலில் அந்த இழப்பும் சிறிதல்ல. கரிசலில் அது அவ்வளவு எளிதல்ல. வீட்டைவிட வயதான மரத்தை ஒரேயடியாக வெட்டினால், அதுவரை காய்ந்திருந்த மண் மெல்ல ஈரம் ஏறி உப்பி, வீட்டைத் தூக்கிப் புதிய விரிசலைத் தரலாம். அங்கே வெட்டுமுன் கட்டடப் பொறியாளரைக் கேட்பது கட்டாயம். ‘வேர் சாக்கடைக் குழாயை உடைத்துவிடுமே’ என்பது இன்னொரு மறுப்பு. வேர் பெரும்பாலும் ஏற்கெனவே கசியும் இணைப்பைத் தேடித்தான் நுழைகிறது. மரத்தை வெட்டினாலும் அந்தக் கசிவு அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் தாமதம் கூடாது: சுவரிலேயே முளைத்த அரசு, ஆல். பறவை எச்சத்தில் வந்த விதை, பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரின் இடுக்கில் வேர்விட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தடித்து, சுவரைப் பிளக்கும். விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். கனத்துவிட்டால் இழுக்கக் கூடாது, கல் பெயரும். அடியில் அறுத்து, இடுக்கைத் திறந்து வேரை நீக்கி, சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். சிமெண்டு பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டுக் கல்லை அரிக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. தெருவோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும் உங்களுடையதல்ல. உள்ளாட்சி அமைப்பிடம் மனுக் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டு மரம் விழும் நிலையில் இருந்து உரிமையாளர் கேட்காவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ், அதை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். மின்கம்பி உரசும் கிளையை மட்டும் நீங்களே தொடாதீர்கள்; மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை நடக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்: மணலில் நல்ல மரத்தைக் கவாத்துச் செய்து வையுங்கள், கரிசலில் ஒரு வருடம் விரிசலைக் கவனித்துவிட்டுப் பொறியாளரோடு முடிவெடுங்கள், அடி அழுகியோ புதிதாகச் சாய்ந்தோ வீட்டை நோக்கி நிற்பதை வரும் மழைக்காலத்துக்கு முன் அகற்றுங்கள். வெட்டிய மரத்துக்கு ஈடாக, வீட்டிலிருந்து தள்ளி, கச்சான் அதை வீட்டின் மேல் சாய்க்காத பக்கத்தில், ஒரு புங்கனோ பூவரசோ வைப்பதும் இந்த முடிவின் ஒரு பகுதியே.