பழைய மடிக்கணினியின் பாட்டரியைச் சோதித்தறியும் முறை

சிறுசேரி என்றவுடன் இன்று எவருக்கும் நினைவில் எழுவது பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அமைந்த சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவேயாகும். டாடா கன்சல்டன்சி சர்வீஸஸ் நிறுவனத்தின் பெரிய வளாகமும், சென்னைக் கணிதவியல் நிறுவனமும் அங்கேதான் உள்ளன. ஆனால் அப்பூங்காவின் மதிலுக்கு இப்பால் உள்ள விவசாயிகளின் வீடுகளில், மஞ்சள் பையில் சுற்றிய பழைய மடிக்கணினி ஒன்று பரண்மேல் உறங்குவதையும் காணலாம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் மாணவர்கள் பெற்றவை இவற்றுள் பல.

சில மாதங்களுக்கு முன் வார்டு உறுப்பினர் ஒருவர் அத்தகைய கணினி ஒன்றுடன் என்னிடம் வந்தார். அவருடைய மகள் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். இரண்டாண்டுகளாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் யாவும் அதனுள் இருந்தன. பழுது பார்க்கும் கடையில், "மதர்போர்டு போய்விட்டது" என்று கூறி ஒரு பெருந்தொகை கேட்டனராம். பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று அவர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார். கணினியைத் திருப்பி, பாட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரை மட்டும் இணைத்து விசையை அழுத்தினோம். திரை ஒளிர்ந்தது. பழுது பாட்டரியில் மட்டுமே இருந்தது.

இச்சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை. ஆகவே இதையே முதலில் செய்ய வேண்டும். 2011 முதல் சில ஆண்டுகள் வரை வந்த மாதிரிகளில், அடிப்பக்கத்தில் உள்ள இரு தாழ்களை நகர்த்தினால் பாட்டரி தனியே வந்துவிடும். கணினியை நிறுத்தி, சார்ஜரையும் நீக்கிய பின்னரே இதைச் செய்க. பாட்டரி இன்றிச் சார்ஜரில் கணினி ஓடுமானால் சார்ஜரும் கணினியும் நலமே, ஐயத்திற்குரியது பாட்டரி. ஓடாவிட்டால் இன்னொரு சார்ஜரை இரவல் பெற்றுப் பார்க்கலாம். அதன் சீட்டில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக்கூடாது. முனையும் அதே வகையாக இருக்க வேண்டும். அதிலும் ஓடாவிட்டால்தான் கடைக்காரர் சொல்லைப் பற்றி யோசிக்க வேண்டும். பாட்டரி உள்ளேயே பொதிந்துள்ள புதிய மாதிரிகளை வீட்டில் திறக்க வேண்டாம்.

பாட்டரி ஏன் தளர்கிறது என்பதை ஏரியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஏரி வெட்டிய நாளில் எவ்வளவு நீர் கொண்டதோ, அவ்வளவு நீரை வண்டல் படிந்தபின் கொள்வதில்லை. ஆயினும் கலங்கலில் நீர் வழியும்போது, "ஏரி நிரம்பிவிட்டது" என்றே சொல்கிறோம். பாட்டரியும் அவ்வாறே. திரையின் மூலையில் 100 சதவீதம் என்று காட்டுவது இன்றுள்ள கொள்ளளவில் நூறு சதவீதமேயன்றி, வாங்கிய நாளின் கொள்ளளவில் அன்று. அந்தப் பழைய கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் ஒப்பிடுவதே நோயறியும் வழி.

இவ்விரு எண்களும் கணினியிலேயே உள்ளன. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள கணினியில், கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாகத் தட்டினால் அறிக்கை ஒன்று எழுதப்படும்; அது எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பதும் திரையில் தோன்றும். விண்டோஸ் 7 உள்ளவற்றில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் சாளரத்தைத் திறந்து, கடைசிச் சொல்லுக்குப் பதிலாக எனர்ஜி என்று தட்டி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்னும் பகுதியில் பார்க்கலாம். டிசைன் கெபாசிட்டி என்பது பிறந்த நாளின் கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றையது.

உதாரணமாக, முதல் எண் 48,000 மில்லிவாட்-மணி என்றும், இரண்டாவது 19,200 என்றும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சியது நூற்றுக்கு நாற்பது. கணினி 20 வாட் மின்சாரம் இழுக்குமானால், முன்பு இரண்டு மணி 24 நிமிடம் ஓடியது இப்போது ஒரு மணிக்குள் நின்றுவிடும். கூடத்தில் மேசைமேல் வைத்து, மின்தடையின்போது கோப்பைச் சேமித்துக்கொள்ள மட்டும் பாட்டரி தேவைப்படுபவருக்கு இதுவே போதும், மாற்ற அவசியமில்லை. வயலோரத்திலும் பேருந்திலும் படிக்க வேண்டியவருக்கு இது போதாது.

எண்கள் சரியாகத் தோன்றியும் கணினி திடீரென்று அணைவதுண்டு. இதை அறியக் கடிகாரமும் தாளும் போதும். முழுவதும் மின்னேற்றி, சார்ஜரை நீக்கி, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சதவீதத்தைக் குறித்து வருக. ஒரே சீராக, ஆனால் விரைவாக இறங்கினால் அது முதுமை. நாற்பதிலிருந்து சட்டென்று அணைந்தால் காரணம் வேறு. அக்காலப் பாட்டரிகள் பலவற்றில் ஆறு சிறு உருளைகள், இரண்டிரண்டாக இணைந்து மூன்று அடுக்குகளாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஓர் அடுக்கு மட்டும் நலிந்தால், மற்றவற்றில் மின்சாரம் இருந்தும் காப்புச் சுற்று முழுவதையும் துண்டித்துவிடும். உள்தடை மிகுந்த பாட்டரியும் இவ்வாறே நடக்கும். ஊற்றுக் குறைந்த கிணறு கவலை இறைப்புக்கு ஈடுகொடுத்தும், எஞ்சின் வைத்து இறைத்தால் சிறிது நேரத்தில் வறண்டு போவதை நம் விவசாயிகள் அறிவர்.

மற்றொரு நிலை, பரணில் உறங்கும் கணினிகளுக்கே உரியது. மின்சாரம் முற்றும் தீர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பாட்டரி, சார்ஜரில் இட்டாலும் ஏற்காது. கோளாறு என்று தோன்றும் இச்செயல் உண்மையில் காப்புச் சுற்றின் எச்சரிக்கையேயாகும். மிகவும் வற்றிய உருளையினுள் செம்பு கரைந்து, பின்னர் மின்னேற்றும்போது உட்குறுக்குச்சுற்று உண்டாகக்கூடும். வேறு மின்சாரத்தை நேரே கொடுத்து "எழுப்பித் தருகிறோம்" என்போரிடம் அதைக் கொடுக்க வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைத்தால் உயிர் வரும் என்பதும் வீண் பேச்சே. முழுவதும் வற்றவிட்டு ஏற்றினால் புத்துயிர் பெறும் என்ற எண்ணம் நிக்கல்-காட்மியம் பாட்டரிக் காலத்தது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி வகைக்கு அது பொருந்தாது. ஒருமுறை அவ்வாறு செய்தால் சதவீதக் கணக்கு மட்டும் திருந்தும். இழந்த கொள்ளளவு மீளாது. (இவ்வகையை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.)

பாட்டரிக்குப் பெரும் பகை வெப்பம். நம் பகுதியில் அக்கினி நட்சத்திர நாட்களில் கல்நார்க் கூரையின் கீழ், மெத்தைமேல் காற்றுத் துளைகளை அடைத்துக் கணினியை வைத்து, இரவு பகலாகச் சார்ஜரிலும் விட்டுவைத்தால் அது விரைவில் தளர்வதில் வியப்பில்லை. சில மாதங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால், ஏறக்குறையப் பாதி மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம்.

இனிச் சொல்வது அனைத்திலும் முக்கியமானது. கணினி மேசைமேல் சமமாக அமராமல் ஆடுகிறதா, தொடுபலகை மேலெழும்பி நிற்கிறதா, அடிப்பக்கம் உப்பியுள்ளதா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டரி வீங்கியுள்ளது. அங்கேயே சோதனையை நிறுத்துக. மேலும் மின்னேற்றக் கூடாது, அழுத்தக் கூடாது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற முயல்வது தீயை அழைப்பதாகும். கணினியை அணைத்து, எரியும் பொருள்களுக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத உலர்ந்த இடத்தில் வைத்து, தகுந்த பழுதுநீக்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும். புகை கண்டால் அனைவரும் வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும்.

புதிய பாட்டரி வாங்கும்போது பழையதன்மேல் உள்ள மாதிரி எண்ணையும் வோல்ட் அளவையும் ஒப்பிடுக. தயாரித்த நாளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விற்காமல் அலமாரியில் கிடந்தாலும் பாட்டரி மூப்படையும். பொருத்தியபின் முன்கூறிய அறிக்கையை மீண்டும் எடுத்தால், இரு எண்களும் அருகருகே இருக்க வேண்டும். இல்லையேல் ரசீதுடன் திருப்பிக் கொடுக்கலாம். ஊராட்சி அலுவலகத்திற்கு வாங்கும்போது இவ்வறிக்கையைக் கோப்பில் சேர்ப்பது, பின்னால் தணிக்கையின்போதும் உதவும்.

கழித்த பாட்டரியைக் குப்பைக் குழியிலோ ஏரிக்கரையிலோ எறியக் கூடாது, எரிக்கவும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்தியுள்ளன. வீடுதோறும் குப்பை வாங்கும் தூய்மைக் காவலர்களின் வண்டியில் மற்றக் குப்பையுடன் இது கலந்து நசுங்கினால், தீப்பற்றும்போது அருகில் நிற்பவர் அவர்களே. ஊராட்சி அலுவலகத்தில் இதற்கென ஒரு தனிப் பெட்டி வைத்து, முனைகளை ஒட்டுநாடாவால் மூடிப் போடச் செய்யலாம்.

வார்டு உறுப்பினரின் மகள் புதிய பாட்டரி வாங்கவில்லை. குறிப்புகளை முதலில் பென்டிரைவ் ஒன்றில் படியெடுத்துக் கொண்டாள். கணினியைச் சார்ஜரிலேயே இயக்கிப் படித்து வருகிறாள். மின்சாரம் நின்றால் எழுதியது போய்விடும் என்பதால் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சேமிக்கிறாள்.